சிறுநீரில் நைட்ரைட் பாசிட்டிவ், ஆனால் அம்மாவுக்கு எந்தத் தொல்லையும் இல்லை: மருந்து தொடங்க வேண்டுமா?

கோத்தகிரி மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. நெடுநாளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறார். வழக்கமான இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது சிறுநீரையும் பார்த்துவிடலாம் என்று லேபில் சொன்னதால் அதையும் கொடுத்தோம். வந்த அறிக்கையில் நைட்ரைட் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதே தாளில் லூக்கோசைட் (வெள்ளணு) நெகட்டிவ், புரதம் இல்லை, சர்க்கரை மூன்று பிளஸ், சீழ் செல்கள் 2–4, எபிதீலியல் செல்கள் 8–10 என்றும் உள்ளன.

அம்மாவுக்கு நீர்க்கடுப்பு இல்லை. அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு இல்லை. காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லை. எங்கள் தேயிலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து சமையலும் செய்கிறார். ஆனால் அறிக்கையைப் பார்த்த மருந்துக் கடைக்காரர், இது சிறுநீர்த் தொற்று, ஐந்து நாள் ஆண்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். சர்க்கரை நோயாளி ஆயிற்றே, வாங்கியிருக்க வேண்டுமோ என்ற கவலை இரண்டு நாளாக என்னை விடவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பீட்ரூட், கேரட், முட்டைகோஸ் என்று எங்கள் நிலத்தில் விளைவதைத்தான் அன்றாடம் சமைக்கிறோம். குடிப்பது மேட்டிலிருந்து குழாயில் வரும் ஊற்று நீர். அந்த மேட்டில் உருளைக்கிழங்கு போட்டு உரம் இடுகிறார்கள். உரத்திலுள்ள நைட்ரேட்தான் சிறுநீரில் இப்படி வருகிறது என்று என் சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். அப்படி இருக்க முடியுமா?

மாதிரியைக் காலையில் எழுந்ததும் வீட்டிலேயே பிடித்தோம். பேருந்துக்குக் காத்திருந்து, ஊருக்குள் வந்து, லேபில் கொடுப்பதற்குள் நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குன்னூர் லேப் டெக்னீஷியன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மருந்து பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் அந்தப் பரிசோதனைப் பட்டை என்ன பார்க்கிறது என்பதையும், உங்கள் மாதிரியில் எனக்கு உறுத்தும் இரண்டு செய்திகளையும் சொல்கிறேன்.

நாம் உண்ணும் காய்கறியிலும் குடிக்கும் நீரிலும் உள்ள நைட்ரேட் எல்லோருடைய சிறுநீரிலும் இருக்கிறது, அது இயல்பு. நைட்ரைட் அப்படியல்ல. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்ற குடல் சார்ந்த பாக்டீரியாக்கள் சிறுநீர்ப் பையில் தங்கி, அங்குள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றினால்தான் பட்டையிலுள்ள அந்தச் சிறு சதுரம் இளஞ்சிவப்பாகிறது. இந்த வேதிவினை இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராக வேலை பார்த்த பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் 1879-இல் கண்டறிந்த முறையைத்தான் இன்றும் சிறு மாற்றங்களுடன் பட்டையில் பயன்படுத்துகிறோம். பாக்டீரியாவுக்குத் தன் வேலையைச் செய்ய ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும் என்பதால், இரவு முழுவதும் பையில் தங்கிய காலைச் சிறுநீர்தான் இந்தப் பரிசோதனைக்கு ஏற்றது. அந்த வகையில் நீங்கள் காலையில் பிடித்தது சரியே.

சித்தப்பாவின் கருத்துக்கு வருகிறேன். பீட்ரூட்டில் நைட்ரேட் மிகுதி என்பது உண்மை. அதில் ஒரு பகுதியை நம் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் எச்சிலிலேயே நைட்ரைட்டாக மாற்றுவதும் உண்மை. கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்ட பிறகு இதே பட்டையை எச்சிலில் தொட்டால் அது சிவக்கும். ஆனால் விழுங்கப்பட்ட நைட்ரைட் இரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபினுடன் வினைபுரிந்து பெரும்பாலும் மீண்டும் நைட்ரேட்டாகிவிடுகிறது; சிறுநீருக்கு நைட்ரேட்டாகவே வந்து சேர்கிறது. எனவே சாப்பாடோ உரம் கலந்த நீரோ மட்டும் இந்தச் சதுரத்தைச் சிவக்க வைக்காது. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீரே சிவப்பாகப் போகும். அந்த நிறம் பட்டையில் ஏறி, பார்ப்பவரின் கண்ணை ஏமாற்ற வாய்ப்புண்டு. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் ஃபெனாசோபிரிடின் மாத்திரையும் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கி இதே குழப்பத்தை உண்டாக்கும்.

ஊற்று நீரைப் பற்றிய கவலை வேறொரு காரணத்துக்காக நியாயமானது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயக்கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நீரைப் பரிசோதித்துவிடுங்கள். அம்மாவின் அறிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி எனக்கு உறுத்துபவை. முதலாவது, நான்கு மணி நேரம். குளிரூட்டாமல் வைத்த சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால், பிடிக்கும்போது தோலிலிருந்து விழுந்த ஒருசில பாக்டீரியாக்கள்கூடக் குப்பிக்குள் பெருகி, உடலுக்குள் நடக்காத வினையைக் குப்பியில் நடத்திவிடும். நம் மலைக் குளிர் அதைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்றாலும், பேருந்துக்குள் பையில் வைத்த குப்பிக்கு அந்தக் குளிரும் கிடைப்பதில்லை. இரண்டாவது, எபிதீலியல் செல்கள், அதாவது தோலிலிருந்து உதிரும் மேற்பரப்புச் செல்கள், 8–10. இது முதலில் வரும் நீரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. கழுவிவிட்டு, முதலில் கொஞ்சம் போகவிட்டு, நடுவில் வருவதை மட்டும் குப்பியில் பிடித்திருந்தால் இந்தச் செல்கள் இவ்வளவு இருக்காது.

பட்டை வைத்திருக்கும் டப்பாவையும் சொல்ல வேண்டும். மூடி சரியாக மூடாத டப்பாவில் காற்றும் ஈரமும் பட்டால் நைட்ரைட் சதுரம் சிறுநீரைத் தொடாமலேயே மெல்லச் சிவக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு போன்ற மூட்டம் அறைக்குள் வந்துபோகும் நம் ஊரில் இதை ஒவ்வொரு லேபும் கவனிக்க வேண்டும். பட்டையை நனைத்தபின் எத்தனை விநாடியில் பார்க்க வேண்டும் என்பது டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்கும். நைட்ரைட்டுக்குப் பெரும்பாலும் 60 விநாடி. வேறு வேலையைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் கழித்துப் படிக்கும் நிறத்துக்கு மதிப்பில்லை.

கூடலூர் பொது மருத்துவர் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மருந்து பற்றிய கேள்விக்கு வருகிறேன். சகோதரி, நீங்கள் அந்த மாத்திரையை வாங்காமல் வந்தது சரியான முடிவு.

நைட்ரைட் பாசிட்டிவ் என்றால், மாதிரி நல்ல மாதிரியாக இருக்கும் பட்சத்தில், சிறுநீரில் ஒரு குறிப்பிட்ட வகைப் பாக்டீரியா கணிசமாக இருக்கிறது என்று பொருள். பாக்டீரியா இருக்கிறது என்பதும் நோய் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. வயதான பெண்களிலும் சர்க்கரை நோயுள்ள பெண்களிலும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்காவது எந்தத் தொல்லையும் தராமல் சிறுநீரில் பாக்டீரியா குடியிருப்பது வழக்கம். இதற்கு மருந்து கொடுத்தால் நன்மை உண்டா என்பதைக் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் சர்க்கரை நோயுள்ள பெண்களிடம் முறையாக ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஆண்டிபயாடிக் கொடுத்தவர்களுக்குப் பாக்டீரியா தற்காலிகமாக மறைந்தது. ஆனால் பின்னாளில் வந்த தொற்றுகளோ, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையோ குறையவில்லை. மருந்தின் பக்கவிளைவுகள்தான் கூடின. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும், அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பாக்டீரியாவைத் தேடவும் வேண்டாம், தென்பட்டால் மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்றே சொல்கிறது. கர்ப்பிணிகளும், இரத்தக் கசிவை உண்டாக்கும் சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களும் இதற்கு முக்கிய விதிவிலக்கு.

தேவையில்லாத ஐந்து நாள் மாத்திரை வெறும் செலவோடு போவதில்லை. அது குடலிலுள்ள பாக்டீரியாக்களை அந்த மருந்துக்குப் பழக்கிவிடுகிறது. நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு ஈ.கோலை பெருமளவில் அடங்காமல் போனதற்கு இப்படிக் கடையில் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளும் ஒரு காரணம். நாளை அம்மாவுக்கு உண்மையாகவே சிறுநீரகத் தொற்று வந்தால் வேலை செய்ய வேண்டிய மருந்தை இன்று வீணாக்கக் கூடாது.

உங்கள் அறிக்கையில் நான் ஒரு வரியை உற்றுப் பார்த்தேன். லூக்கோசைட் நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து வெள்ளணு இல்லை என்று முடிவு செய்ய மாட்டேன், ஏனென்றால் சிறுநீரில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அந்தச் சதுரம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்த சீழ் செல்களும் 2–4 தான் என்பதால் இங்கே அழற்சி இல்லை என்று நம்பலாம். சர்க்கரை மூன்று பிளஸ் என்பதற்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது காரணமாக இருக்கலாம். அல்லது அவர் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கலாம். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்பவை. மாத்திரை அட்டையில் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரக்கூடும். அதைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். பூஞ்சை நைட்ரைட் காட்டாது.

எப்போது தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர் பிரியும்போது எரிச்சல், அடக்க முடியாத அவசரம், சிறுநீரில் இரத்தம் என்று ஏதேனும் தோன்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆண்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு (பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் வலி, வாந்தி இவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத் தொற்று விரைவில் முற்றும் என்பதால், காலையில் முதல் பேருந்தில் போகலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள்.

மஞ்சூர் வாசகி எழுதியது:

இந்த உரையாடலைப் படித்த பிறகு என் நிலை பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. எனக்கு ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டையில் பார்த்தபோது நைட்ரைட் பாசிட்டிவ் என்று சொல்லி, ஊட்டிக்குப் போய்க் கல்ச்சர் செய்யச் சொன்னார்கள். எரிச்சல் எதுவும் இல்லை. பார்லித் தண்ணீர் குடித்தாலே போதும், இந்த மழையில் மலைப்பாதையில் போக வேண்டாம் என்று மாமியார் சொல்கிறார். மருத்துவர் ஐயா மேலே சொன்ன விதிவிலக்கில் நானும் வருகிறேனா?

கூடலூர் பொது மருத்துவர் எழுதியது:

ஆம், வருகிறீர்கள். கோத்தகிரி அம்மாவுக்குச் சொன்னது எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீர்க் குழாய்கள் தளர்கின்றன. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. அதனால் சிறுநீர் தேங்குகிறது. பையிலுள்ள பாக்டீரியா மேலேறிச் சிறுநீரகத்துக்குச் செல்வது எளிதாகிறது. எரிச்சல் எதுவும் இல்லாமல் பாக்டீரியா மட்டும் இருக்கும் கர்ப்பிணிகளைச் சிகிச்சையின்றி விட்டால், அவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குச் சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகலாம் என்பது பழைய ஆய்வுகளிலிருந்து தெரிந்த செய்தி. அது குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். எனவேதான் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பாக்டீரியாவைக் கல்ச்சர் மூலம் உறுதிப்படுத்தி, ஏழு நாள் ஆண்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியா என்ற அளவைப் பொதுவான எல்லையாகக் கொள்கிறோம். முடிவு வர ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அந்தப் பாக்டீரியா அடங்கும் என்பதும் அதில் தெரியும்.

பார்லித் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. மாமியாரின் அக்கறையும் புரிகிறது. ஆனால் அது பாக்டீரியாவை அகற்றாது. கர்ப்பத்தில் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. கல்ச்சர் முடிவைப் பார்த்து உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மருந்து முடிந்த பிறகு மீண்டும் ஒருமுறை கல்ச்சர் செய்து, அகன்றுவிட்டதா என்று பார்க்கச் சொல்வார், அதையும் தவறவிடாதீர்கள்.

பந்தலூர் கிராம சுகாதார செவிலியர் எழுதியது:

மஞ்சூர்த் தங்கைக்கு ஒரு வழி சொல்கிறேன். மழையில் ஊட்டி போவது சிரமம் என்றால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதிரியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் அனுப்ப முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் கல்ச்சருக்கான சிறுநீர் ஒரு நாள் வரை தாங்கும். வீட்டில் பிடித்துச் சாதாரணப் பையில் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

மருத்துவர் ஐயா அனுமதித்தால், நெகட்டிவ் வந்தவர்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் அதனால்தான் அதிகம் ஏமாறுகிறோம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தேயிலைக் காட்டுக்குள் சிறுநீர் கழிக்க ஒதுங்க இடமில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அன்றே கழிப்பிடம் அமைத்துத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தும், பறிக்கும் இடம் நாளுக்கு நாள் மாறுவதால் லைன் வீட்டுக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) திரும்பும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. குளிரில் தாகமும் எடுப்பதில்லை. இதில் நீர்க்கடுப்பு வந்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை போகத் தொடங்கிவிடுவதால், சிறுநீர் பையில் தங்குவதே இல்லை. நைட்ரைட் உருவாக நேரம் கிடைப்பதில்லை. பட்டை நெகட்டிவ் காட்டுகிறது. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால், அவர் காய்ச்சலோடு திரும்பி வருவார். என்டெரோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் எவ்வளவு இருந்தாலும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை; வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தாலும் சதுரம் சிவக்காமல் போகலாம். எரிச்சலும் அவசரமும் இருக்கும் பெண்ணிடம் பட்டை நெகட்டிவ் என்று காட்டி விவாதிக்கக் கூடாது; அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நீர்க்கடுப்புக்கு இப்போது முதலில் எழுதப்படும் நைட்ரோஃபுரான்டாயின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உங்களுக்கோ குடும்பத்தில் எவருக்கோ மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலையோ கறுத்த சிறுநீரோ வந்த வரலாறு இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நீலகிரியின் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) அட்டை வைத்திருப்பவர்களும் அதை மறக்காமல் காட்ட வேண்டும்.

கோத்தகிரி மகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவை லேபுக்கே அழைத்துச் சென்று, நீங்கள் சொன்ன முறைப்படி நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்கச் செய்து, அங்கேயே உடனே பார்க்கச் சொன்னேன். இம்முறை எபிதீலியல் செல்கள் 1–2 தான். சீழ் செல்கள் 2–3. ஆனால் நைட்ரைட் மறுபடியும் பாசிட்டிவ். மாத்திரை அட்டையில் டபாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறது. தனியாகக் கேட்டேன், அரிப்பு இல்லை என்றார். நல்ல மாதிரியிலும் பாசிட்டிவ் வந்துவிட்டதால் மறுபடி கலக்கமாக இருக்கிறது. இப்போதும் மருந்து வேண்டாமா? கல்ச்சராவது செய்துவிடட்டுமா?

குன்னூர் லேப் டெக்னீஷியன் எழுதியது:

அப்படியானால் முதல் மாதிரியின் தாமதம் காரணமல்ல, அம்மாவின் சிறுநீரில் பாக்டீரியா உண்மையாகவே இருக்கிறது. பட்டை சரியாகவே சொல்லியிருக்கிறது.

கூடலூர் பொது மருத்துவர் எழுதியது:

இப்போதும் வேண்டாம். கல்ச்சரும் வேண்டாம். செய்தால் ஒரு பாக்டீரியாவின் பெயரும் மருந்துகளின் பட்டியலும் வரும். அதைப் பார்க்கும் எவருக்கும் மருந்து எழுதக் கை துறுதுறுக்கும். தொல்லை இல்லாத அம்மாவுக்கு அதனால் பயனில்லை. இந்த இரண்டு தாள்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் வேறொரு காரணத்துக்காக மருத்துவமனை செல்லும்போது நைட்ரைட் பாசிட்டிவ் வந்தால், இது முன்பே இருந்தது, அப்போது தொல்லை இல்லை என்று சொல்ல அவை உதவும்.

டபாகிளிஃப்ளோசின் எடுக்கும் வரை சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ் என்றே வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) வைத்துப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது, அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். சிறுநீரகம் பழுதடையத் தொடங்குவதைச் சாதாரணப் பட்டையில் புரதம் தெரிவதற்கு ஆண்டுகள் முன்பே அது காட்டிவிடும். உங்கள் அறிக்கை இரண்டிலும் அது இல்லை. அடுத்த முறை இரத்தம் கொடுக்கப் போகும்போது அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள், ஏனென்றால் காய்ச்சலும் தொற்றும் அல்புமினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும்.